சிடுமூஞ்சி என்று மைக்கில் சொன்னாய்

மகனே,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். கை ஓடவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை. இன்றைக்கு அதற்கு முன்னால் கோபம் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். நேற்றுக் காலை பெரம்பூரில் நீ கட்டிக்கொள்ளப்போகிற ரேவதி வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தாயே, "யம்மா, கல்யாணத்தன்னிக்காவது கொஞ்சம் சிரிச்ச மூஞ்சா இரும்மா, சம்மந்தி வூட்டுக்காரங்க பாத்துகினு இருப்பாங்க" என்று. நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். அம்மா அடங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். இல்லை. போனில் கத்தினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்தே கடத்திவிடுவாய். எழுத்தை அப்படிக் கடத்த முடியாது. அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படி.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நம் தெருவில் என்ன நடந்தது என்று உனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் கம்பெனிக்காரர்கள். நான் சொல்கிறேன், கேள். மணி எட்டு. தண்ணி லாரி வந்து நின்றிருந்தது. நானும் பக்கத்து வீட்டு மும்தாஜும் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம். மும்தாஜுக்கு முன்னால் அவள் மகள் ஷபானா, ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி, "நீ போய் உக்காருடி" என்று அவளை அதட்டிக்கொண்டிருந்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் உன் கம்பெனி இருக்கிற திசையிலிருந்து காற்று வந்தது. முதலில் கண் எரிந்தது. பிறகு தொண்டையில் யாரோ மிளகாயைத் தேய்த்த மாதிரி இருந்தது. மணலிப் பக்கத்து ஆலை நாற்றம் நமக்குப் புதிதா? மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார்க்கிற ஜனம்தானே நாம். இது அது இல்லை. பிள்ளைகள் ஸ்கூல் பையோடு தெருவிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள். ஷபானா குடத்தோடு சரிந்து விழுந்தாள். நானும் மும்தாஜும் அவளைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடினோம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் கையைக் காட்டி ஒரு ஆட்டோவைப் பிடித்து அவளை ஏற்றின பிறகுதான், ஓட முடிந்தவர்கள் எல்லாம் ஓடி முடித்த பிறகுதான், உங்கள் கம்பெனியின் அபாயச் சங்கு ஊதியது.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள். நீதான் போட்டாய். பொதுமக்கள் தொடர்பு அதிகாரி என்று சட்டையில் பெயர் குத்திக்கொண்டு, மேனேஜருக்குப் பக்கத்தில் நின்று, எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுக்கச் சொன்னாய். வாராவாரம் டாக்டர் வருவார், மருந்து இலவசம் என்றாய். அதற்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து. சிறு அளவில் வாடை பரவியது, உடனடியாக எச்சரிக்கை செய்யப்பட்டது, எங்களுக்குப் புகார் ஏதுமில்லை என்று அதில் எழுதியிருந்தது. நான் அந்தத் தாளை முழுக்கப் படித்தேன். படித்துவிட்டு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நாத்தம் வந்தது எட்டு மணிக்கு. சங்கு ஊதினது எட்டரைக்கு மேல. நடுவுல அர மணி நேரம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

மேனேஜர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ மைக்கை வாங்கினாய். சிரித்தாய். "சார், அவங்க எங்கம்மாதான். எங்க ஏரியாலயே ஃபேமஸ் சிடுமூஞ்சி. காபில சக்கர கம்மினாக்கூட இப்டிதான் கேப்பாங்க. நீங்க கண்டுக்காதீங்க" என்றாய். மண்டபமே சிரித்தது. மேனேஜர் சிரித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மும்தாஜும், மகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு வந்தவள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் வரிசையாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். என் கேள்வி அந்தச் சிரிப்பிலேயே கரைந்துபோனது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

சிடுமூஞ்சி. உன் வயதுக்காரர்கள் இப்போது யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. டென்ஷன் பார்ட்டி என்கிறார்கள், செம காண்டு என்கிறார்கள். நீ பழைய வார்த்தையைத் தேடி எடுத்தாய். அது எனக்கு எங்கே ஒட்டியது என்று தெரிந்தவன் நீ. தெரிந்தும் எடுத்தாய்.

நான் ஸ்கூலில் சத்துணவு அமைப்பாளராக இருந்தபோது நீ அதே ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு. ஒரு வாரம் முட்டை கெட்டு வந்தது. உடைத்தால் கறுப்பாக இருந்தது. கொண்டுவந்த ஆளிடம் திருப்பி எடுத்துப் போ என்றேன். "வேகவெச்சா ஒண்ணும் தெரியாதும்மா, பசங்க துன்னுடுவாங்க" என்றான். ஹெட்மாஸ்டர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. சண்டை பிடிக்காதவர். "அனுசரிச்சுப் போங்கம்மா, இன்னிக்கு ஒருநாள்தானே" என்றார். நான் ஒரு தட்டு முட்டையைத் தூக்கி அந்த ஆள் காலடியில் போட்டு உடைத்தேன். ஸ்கூல் வராந்தா முழுக்க நாறியது. அப்புறம் யாராலும் அனுசரிக்க முடியவில்லை. அந்த ஆள் போகும்போது, "இன்னா பொம்பளடா இது, எப்பப் பாத்தாலும் மூஞ்ச சிடுசிடுனு வெச்சிகினு கீது, சிடுமூஞ்சி" என்று பிள்ளைகள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு மத்தியானமே ஸ்கூல் முழுக்க எனக்கு அந்தப் பெயர். மறுநாள் நல்ல முட்டை வந்தது. அதையும் தின்றுவிட்டு சிடுமூஞ்சி என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. பிள்ளைகளுக்கு வயிற்றுக்குள் போவது கெட்டுப்போகாமல் இருந்தால் போதும், வாயில் என்ன வந்தாலும் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் உன்னை விடவில்லை. இங்கேதான் நான் செய்த தப்பை எழுத வேண்டும். எழுதாமல் உன்னை மட்டும் திட்டினால் இந்தக் கடிதம் பொய். உன்னைச் சுற்றி நின்றுகொண்டு பையன்கள் "சிடுமூஞ்சி புள்ள, சிடுமூஞ்சி புள்ள" என்று கத்தினார்கள். சமையல் கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ அழவில்லை, அடிக்கவும் இல்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். வீட்டுக்கு வந்ததும் உன்னை நிற்க வைத்துக் கேட்டேன், "உங்கம்மாவ கிண்டல் பண்றான், நீ இன்னாத்துக்குடா சிரிச்ச?" கன்னத்தில் அறைந்தேன். என் ஐந்து விரலும் உன் கன்னத்தில் பதிந்தன. நீ என்ன செய்தாய் தெரியுமா? என்னைப் பார்த்துச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. அம்மா கோபத்தை அடக்க உனக்குத் தெரிந்த ஒரே வழி அது. எட்டு வயதுப் பிள்ளை. நான் அப்போதும் அதைப் புரிந்துகொள்ளவில்லை. "இன்னும் இன்னாடா இளிப்பு" என்று இன்னொன்று வைத்தேன்.

நீ எல்லா இடத்திலும் சிரிப்பவனாக வளர்ந்தது எப்படி என்று சொந்தக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். "அம்மா கொணம் துளிகூட இல்ல, தங்கமான புள்ள" என்பார்கள். எனக்குத் தெரியும், அது என்னால் வந்ததுதான். என் குரல் உயரும்போதெல்லாம் உன் உதடு விரியும். இன்றைக்கு ஒரு கம்பெனி அந்தச் சிரிப்பைச் சம்பளம் கொடுத்து வாங்கியிருக்கிறது. அதை உனக்குப் பழக்கிவிட்டது நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுவிட்டேன். ஆனால் அறைந்த கன்னத்தைக் காட்டி இந்த அரை மணி நேரத்திலிருந்து நீ தப்பித்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

உன் அப்பா விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அவர் காண்ட்ராக்ட்டில் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிற வேலை பார்த்தார். முகமூடி கேட்டால் துணியைக் கொடுப்பார்களாம். அதையும் அவராக வந்து சொன்னதில்லை, சும்மா ஒரு தடவை வாய் தவறிச் சொன்னார். மறுநாளே நான் அந்தக் கேட்டில் போய் நின்று மேஸ்திரியைக் கிழித்தேன். ஒரு வாரம் உன் அப்பாவுக்கு வேலை தரவில்லை. அதிலிருந்து அவர் என்னிடம் எதையும் சொல்வதை விட்டுவிட்டார். இருமல் வந்தது. "ஜலுப்புமே, சளிதான்" என்றார். பீரோவின் அடியில் விரித்திருந்த பேப்பரை மாற்றும்போதுதான் அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே கிடைத்தது. பார்த்தால் நாலு மாசம் பழையது. கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ கத்துவமே. அதான்" என்றார். நீ கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். உனக்குப் பதினைந்து வயது. ஆஸ்பத்திரிக்கு அவரோடு போனது நீதான் என்று அப்போதுதான் தெரிந்தது. "அம்மாகிட்ட சொல்லாதடா" என்று அவர் சொன்னாராம், நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாசம்தான் இருந்தார். என் சத்தத்துக்குப் பயந்து என் வீட்டிலேயே எனக்கு உண்மை வராமல் போனது. அந்த நாலு மாசத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் யாரையோ தட்டிக் கேட்டேன், என் புருஷன் என்னிடம் வாய் திறக்க முடியாத மாதிரி வாழ்ந்தேன்.

சரி. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தாய். நான் சோறு போட்டேன், வஞ்சிரக் குழம்பு ஊற்றினேன், எதிரில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கத்துவேன் என்று சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தவன் நீ. என் மௌனம் உனக்குப் பழக்கமில்லை.

"யம்மா, அது சும்மா ஜோக்குமா" என்றாய்.

நான் தண்ணீர் டம்ளரை உன் பக்கம் நகர்த்தினேன்.

"மேனேஜர் மூஞ்சி மாறிச்சு, அதான் ஏதோ சமாளிச்சேன். நாளிக்கு என் வேல போச்சுனா?"

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

உனக்குத் தாங்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாய். "ஷிப்ட்டு ஆபீசர் மொதல்ல எனக்குத்தான்மா போன் பண்ணாரு. சங்கு ஊதலாமானு கேட்டாரு. ஊதினா ஜனம் மொத்தமும் ரோட்டுக்கு வந்துடும், டிவிகாரன் வந்துடுவான். மேனேஜர் வர்ற வரைக்கும் இருங்கனு நான்தான் சொன்னேன். அவரு வர லேட்டாயிடுச்சு."

அந்த நிமிஷம் எனக்குக் கை எழவில்லை. குரலும் எழவில்லை. "ஷபானா உனக்கு யாருடா?" என்று மட்டும் கேட்டேன். நான் ஸ்கூலில் அடுப்போடு நிற்கிற நாளில் உனக்குக் காய்ச்சல் வந்தால் மும்தாஜ்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஷபானா உன்னை அண்ணா என்பதைத் தவிர வேறு எதுவும் கூப்பிட்டதில்லை. நீ, "அதான் ஒண்ணும் ஆவலியேம்மா" என்றாய். உதட்டோரம் அந்தச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆகவில்லைதான். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது, பிறக்கிற வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது உனக்கு ஒன்றுமில்லையா? நீ பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டாய்.

உன் அப்பா என் சத்தத்துக்குப் பயந்து மறைத்தார். நீ ஜனங்களின் சத்தத்துக்குப் பயந்து மறைத்தாய். அவர் மறைத்தது அவருடைய நெஞ்சுச் சளியை. நீ மறைத்தது எங்கள் எல்லாருடைய மூச்சையும். அவரை மன்னிக்க ஒன்றுமே இல்லை, தப்பு என்னுடையது. உன்னை அவரோடு சேர்க்க என்னால் முடியவில்லை. கத்துகிறவர்களுக்குப் பயந்து உண்மையை மறைத்தால் கடைசியில் யார் மூச்சு நிற்கும் என்று நம் வீட்டிலேயே பார்த்தவன் நீ. பார்த்துவிட்டும் அந்தப் போனில் "இருங்க" என்றாய்.

மறுநாள் காலையில் மும்தாஜ் வந்தாள். வாசலிலேயே நின்றாள். "யக்கா, நானும் சிரிச்சிட்டேன்க்கா. எதுக்கு சிரிச்சேன்னு எனக்கே தெரிலக்கா" என்று அழுதாள். உள்ளே வாடி என்று கூப்பிட்டு டீ கொடுத்தேன். "கையெழுத்து போட்டா இன்னா, வாய இன்னா தச்சா வெச்சிட்டாங்க? மனு எழுதலாம் வா" என்றேன். நான் எழுத, அவள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள், யார் யாரை எந்த ஆட்டோவில் ஏற்றினோம் என்று ஞாபகப்படுத்திச் சொன்னாள். அன்றைக்கு மண்டபத்தில் சிரித்தவர்களில் பதினோரு பேர் வந்து அதில் கையெழுத்துப் போட்டார்கள். இன்று காலை நாங்கள் இரண்டு பேரும் பஸ் பிடித்து தாலுகா ஆபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

மனுவின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். சங்கு ஊதலாமா என்று காலையிலேயே கேட்கப்பட்டது, பொறுத்திருக்கச் சொல்லப்பட்டது, இது கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் சொல்லி எனக்குத் தெரியும் என்று. அங்கே இருந்த அதிகாரி நிதானமாகப் படிக்கிறவர், பரவாயில்லை. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா அந்த ஒருத்தர்?"

"அவரே வந்து சொல்லுவாரு சார்."

"எப்ப?"

"நீங்க எப்ப விசாரிக்கிறீங்களோ அப்ப."

"வெள்ளிக்கிழமை பதினோரு மணி. வரலைன்னா?"

"நான் சொல்லுவேன் சார்" என்றேன்.

சொல்லுவேன், மகனே. இதில் சந்தேகம் வைக்காதே. உன் வேலை போகலாம். போனால் வேறு வேலை. உனக்குப் படிப்பு இருக்கிறது, கை கால் இருக்கிறது. கல்யாணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறாயா? ரேவதியிடம் நீயே போய் முதலில் சொல். அவள் கோபப்பட்டால் சிரித்து மழுப்பாதே. கோபப்படுகிறவள்தான் உன்னிடம் எதையாவது எதிர்பார்க்கிறாள் என்று அர்த்தம். அவள் குரலுக்கு நீ பயந்தும் வாழாதே, உன் குரலுக்கு அவள் பயந்து எக்ஸ்ரேவை ஒளித்து வைக்கிற மாதிரியும் வாழாதே. இவ்வளவுதான் நான் உனக்குக் கொடுக்கிற கல்யாணப் புத்தி. இதைக்கூட நான் கெட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று. பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது மும்தாஜ் கேட்டாள், "யாருக்கா அது, ஊத வேணாம்னு சொன்னவன்?" எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ பேரை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்டவள் நான். அவளிடம், "வெயிலா கீது, சீக்கிரம் நட" என்று சொல்லிவிட்டு நடந்தேன். இந்த ஊரில் யாருக்கும் பயப்படாத என்னை ஒரு தெரு தூரத்துக்குப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய். அந்தக் கோபம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. அதிகாரியிடம் உன் பெயரை நான் சொல்லிவிடுவேன். மும்தாஜிடம் என்னால் முடியாது. அது உன் வேலை.

அதனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. வியாழக்கிழமை ஷபானாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவருகிறார்கள். சாயந்திரம் வா. கம்பெனிச் சட்டை வேண்டாம், பழம் கிழம் வாங்கிக்கொண்டு வராதே. நேராக மும்தாஜ் வீட்டுக்குள் போ. ஷபானா படுத்திருப்பாள், அவள் முகத்தைப் பார்த்து, போனில் நீ என்ன சொன்னாய் என்பதை அப்படியே சொல். மும்தாஜ் கத்துவாள். அடித்தாலும் அடிப்பாள். நின்று வாங்கிக்கொள். நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் எங்கேயும் போய்விடவும் மாட்டேன். அவள் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன்.

உன் அம்மா